பிளட்பக்கைச் சுடலாம்... ராயபுரம் மொட்டைமாடிக் கொசுவை?

‘ஃபால்அவுட் 4’ விளையாடியவர்களுக்கு ‘பிளட்பக்’ மறந்திருக்காது. அணுப் போரில் அழிந்த பாஸ்டனில், 2287-ம் ஆண்டில் பறந்துவரும் ராட்சதக் கொசு. ரீங்காரம் கேட்கும், பாயும், ரத்தம் உறிஞ்சும். குறிபார்த்துச் சுட்டால் கதை முடிஞ்சுது.

நிஜக் கொசுவிடம் அந்த வசதி இல்லை. நகர்ப்புற மலேரியாவைப் பரப்பும் அதன் பெயர் அனாபிலிஸ் ஸ்டீபன்சி. சென்னைக்கு ரொம்பப் பழைய விருந்தாளி.

கொசு என்றாலே ராயபுரம் முதல் எண்ணூர் வரை எல்லோர் கையும் சாக்கடையையும் பக்கிங்காம் கால்வாயையும்தான் காட்டும். மாலையானால் காதருகே பாடும் க்யூலெக்ஸ் கொசு வளர்வது அங்கேதான், வாஸ்தவம். ஆனால் மலேரியா தருவது அதுவல்ல. ஸ்டீபன்சி விரும்புவது நல்ல தண்ணீரை. மேல்நிலைத் தொட்டி, கிணறு, கட்டுமான இடத்தில் தேங்கிய நீர், மூடாத டிரம். குழாயில் எப்போ தண்ணி வரும்னு தெரியாத தெருவில், பிடிச்சு வைக்கிறவங்களைக் குறைசொல்லிப் பயனில்லை. மூடிதான் முக்கியம்.

செல்போன் டார்ச்சைத் தொட்டிக்குள் அடித்துப் பாருங்கள். தலைகீழாகத் தொங்கும் புழு என்றால் க்யூலெக்ஸாகவோ, டெங்கு பரப்பும் ஏடிஸாகவோ இருக்கலாம். நீர்ப்பரப்போடு ஒட்டி, குச்சிபோலப் படுத்துக் கிடந்தால் அனாபிலிஸ். நம்ம ஊர் வெயிலில் முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவச் சொல்வது இதனால்தான்.

துறைமுகப் பக்கம் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு சங்கதி. தெற்காசியாவிலும் அரேபியத் தீபகற்பத்திலும் இருந்த இந்தக் கொசு, 2012-ல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டி துறைமுக நகரில் தென்பட்டது. கப்பலில் போயிருக்கலாம் என்பது கணிப்பு. அந்த ஆண்டு அங்கே பதிவான மலேரியா 27. 2020-ல் 70,000-க்கும் மேல்! இலங்கை 2016 செப்டம்பரில் மலேரியா இல்லாத நாடு என உலக சுகாதார நிறுவனத்தின் சான்று வாங்கியது. சில மாதங்களிலேயே மன்னாரில் இதே கொசு சிக்கியது. நோய் திரும்பிவிடக் கூடாதே என்று அங்கே கிணறு கிணறாகத் தேட வேண்டியதாயிற்று.

சென்னையில் அதிகம் காணப்படும் மலேரியா, வைவாக்ஸ் வகை. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வரும், மாத்திரை போட்டால் மூணு நாளில் விட்டுவிடும். உடனே ஷிப்டுக்குக் கிளம்பிவிடுகிறோம். மிச்ச மாத்திரை அலமாரியில். அங்கேதான் கோட்டை விடுகிறோம். கிருமியின் ஒரு பகுதி கல்லீரலில் தூங்கும். வாரங்கள், ஏன் மாதங்கள் கழித்துக்கூட எழுந்து வரும். அதை அழிக்கத்தான் பிரைமாகுயின் 14 நாள். கர்ப்பிணிகளுக்கும் வேறு சிலருக்கும் அது ஆகாது; ஆகவே டாக்டர் சொன்னால் மட்டுமே. காய்ச்சலென்றால் ரத்தப் பரிசோதனைக்குப் பக்கத்து அரசு ஆரம்ப சுகாதார நிலையம் போதும். சோதனையும் மருந்தும் இலவசம்.