மாணவியர் உணவும் மறைந்திருக்கும் அழற்சியும்

காலில் முள் தைத்தால் சிறிது நேரத்திற்குள் அவ்விடம் சிவக்கிறது, வீங்குகிறது, தொட்டால் சுடுகிறது, வலிக்கிறது. செம்மை, வீக்கம், வெம்மை, வலி என்னும் இந்நான்கு அடையாளங்களையும் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே செல்சஸ் என்னும் உரோமானிய நூலாசிரியர் ஒருசேரத் தொகுத்து எழுதிவைத்தார். இவற்றுக்குக் காரணமாக உடலினுள் நிகழ்வதை அழற்சி என்கிறோம். அது நோயன்று, நோயை எதிர்க்க உடல் தானே மூட்டிக்கொள்ளும் தீ. முள்ளோடு புகுந்த கிருமிகளை அழிக்க வெள்ளணுக்கள் விரைந்து வருகின்றன; வந்த வேலை முடிந்ததும் தீ தணிகிறது.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டதோ தணியாத தீயைப் பற்றி. சிவப்பு இல்லை, வீக்கம் இல்லை, வலியும் இல்லை. எனினும் உடல் முழுவதும் சிறிய அளவில், நீறு பூத்த நெருப்புப் போல, ஆண்டுக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும் அழற்சி ஒன்று உண்டு. நீரிழிவு, மாரடைப்பு முதலியவற்றோடு அதற்குத் தொடர்பு உண்டு என்பதை இக்கால மருத்துவம் அறிந்திருக்கிறது. நடுவயதினருக்கு வரும் அந்நோய்களுக்கும் பதினெட்டு வயதுக் கல்லூரி மாணவிக்கும் என்ன உறவு என்று நேயர்கள் வினவலாம். உறவு உண்டு, அது உணவு வழியாக வருவது.

கண்ணுக்குத் தெரியாத தீயை எவ்வாறு அளப்பது? 1930-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்து ராக்ஃபெல்லர் ஆய்வு நிலையத்தின் மருத்துவமனையில் டில்லெட், ஃபிரான்சிஸ் என்னும் இருவர் நிமோனியா நோயாளிகளின் குருதியை ஆராய்ந்தனர். அந்நோய்க் கிருமியிலிருந்து பிரித்தெடுத்து, ‘சி’ என எழுத்தால் பெயரிட்டிருந்த பொருள் ஒன்றோடு நோயாளியின் குருதிநீரைக் கலந்தபோது, அது திரிந்து படிந்தது. நோய் நீங்கியவுடன் அத்தன்மையும் மறைந்தது. அவ்வாறு படியச் செய்த புரதத்திற்குச் சி-எதிர்வினைப் புரதம் என்று பெயர். அழற்சிச் செய்தி எட்டியதும் ஈரல் அதை உண்டாக்கிக் குருதியில் விடுகிறது. லிட்டர் குருதிநீரில் 1 மில்லிகிராமுக்குக் குறைவாக இருப்பது நல்லது. 3-க்கு மேற்பட்டால் இதயத்துக்கு இடர் மிகுதி என்று 2003-இல் அமெரிக்க மருத்துவ அமைப்புகள் வரையறுத்தன. 10-ஐத் தாண்டினால் பெரும்பாலும் காய்ச்சலோ காயமோ இருக்கும்.

இனி உணவுக்கு வருவோம். கிராமத்திலிருந்து நகரக் கல்லூரிக்குச் செல்லும் மாணவி ஒருத்தியின் நாளை எண்ணிப் பாருங்கள். முதற் பேருந்தைப் பிடிக்கவேண்டும். ஆகவே காலையில் ஒரு குவளைத் தேநீர் மட்டும். நண்பகலில் டப்பாவில் கட்டிவந்த எலுமிச்சைச் சோறும் உருளைக்கிழங்கு வறுவலும். அல்லது கல்லூரிச் சிற்றுண்டிச் சாலையின் பரோட்டா. மாலையில் பேருந்து நிலையத்து அடுமனையில் ஒரு பஃப்ஸ், மீண்டும் சர்க்கரை மிகுந்த தேநீர். இரவில் வெள்ளைச் சோறு மலைபோல், குழம்பு ஓடைபோல். இவற்றுள் எதுவும் நஞ்சன்று. ஒரு நாள் உண்டால் ஒன்றும் நேராது. மூன்றாண்டுக் கல்லூரிக் காலம் முழுவதும் இதுவே உணவானால்தான் இடர்.

காரணத்தைச் சொல்கிறேன். கீரை, காய், பயறு, தீட்டாத தானியம் ஆகியவற்றில் உள்ள நார்ப்பொருள் நமக்குச் செரிப்பதில்லை. ஆனால் பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்களுக்கு அதுவே விருந்து. அவை அதைப் புளிக்கவைத்துச் சில கொழுப்பமிலங்களை உண்டாக்குகின்றன. அவ்வமிலங்கள் குடற்சுவரைக் காக்கின்றன, அழற்சியை அடக்குகின்றன. நார்ப்பொருள் குன்றினால் இக்காவலும் தளர்கிறது. மைதாவும் சர்க்கரையும் இதற்கு நேர்மாறானவை. விரைவில் செரித்துக் குருதிச் சர்க்கரையைத் திடீரென உயர்த்துபவை. அடுமனைப் பண்டங்களில் முன்னாளில் மிகுதியாகப் பயன்பட்ட வனஸ்பதியிலுள்ள திரிந்த கொழுப்பு, நான் மேற்கூறிய சி-புரதத்தை உயர்த்துவது ஆய்வுகளில் தெரிந்த செய்தி. அக்கொழுப்பு நூற்றுக்கு 2 பங்கை மிஞ்சலாகாது என 2022 சனவரி முதல் நம் நாட்டில் சட்டம் வந்தது. ஆயினும் பலமுறை காய்ச்சிய எண்ணெய்ச் சட்டியைச் சட்டம் எட்டிப் பார்ப்பது அரிதே!

பள்ளித் தலைமையாசிரியனாக இருந்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். 1982-இல் விரிவாக்கப்பெற்ற சத்துணவுத் திட்டத்தால் எங்கள் பள்ளிப் பிள்ளைகள் நண்பகலில் சுடுசோறு உண்டனர். பின்னாளில் முட்டையும் சேர்ந்தது. 2022-இல் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் தொடங்கியது. அரசு பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் பெண்ணுக்குத் திங்கள்தோறும் ஆயிரம் ரூபாய் வழங்கும் திட்டமும் அவ்வாண்டிலேயே வந்தது. அந்த ஆயிரத்தில் எத்தனை ரூபாய் அவள் வயிற்றுக்குப் போகிறது என்பதை நான் பலரிடம் கேட்டிருக்கிறேன். பேருந்துக்கும் கைபேசிக்கும் தம்பியின் நோட்டுக்கும் போனது தெரிந்தது. உணவுக்கென எடுத்து வைத்ததாக ஒருத்தியும் சொல்லவில்லை.

இதில் மிகக் கவலைக்குரியது குருதிச்சோகை. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களுள் இந்தியாவில் 57 விழுக்காட்டினரும் தமிழ்நாட்டில் 53 விழுக்காட்டினரும் சோகையுடையோர். மாதந்தோறும் குருதி இழக்கும் இளம்பெண்ணுக்கு இரும்புச் சத்து மிகுதியாக வேண்டும். உணவில் அது குறைவு என்பதை எல்லோரும் அறிவர். பலரும் அறியாதது, அழற்சி அதன் வாயிலையே அடைத்துவிடும் என்பது. ஈரல் சுரக்கும் ஹெப்சிடின் என்னும் பொருள் இவ்வாயிலின் காவலாளி. 2001-ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் இது கண்டறியப்பட்டது. கிருமிகளும் இரும்பை விரும்புவன. ஆதலின் அழற்சி தோன்றியவுடன் ஹெப்சிடின் பெருகிக் குடலிலிருந்து இரும்பு குருதிக்குள் செல்லும் வழியை மூடுகிறது. முள் தைத்த இரண்டு நாளுக்கு இது நல்ல உபாயம். அழற்சி ஓயாதிருந்தால், உண்ட கீரையின் இரும்பிலும் விழுங்கிய மாத்திரையின் இரும்பிலும் ஒரு பங்கு வாயிலிலேயே திரும்பிவிடும். உடற்பருமன் மிக்க பெண்களிடம் இரும்பு ஏற்பு குறைந்திருப்பதும் இவ்வழியில் விளங்குகிறது. ஏனெனில், மிகுந்த கொழுப்புத் திசுவே அழற்சிச் செய்திகளை அனுப்பவல்லது. அதற்காக, மெலிவதற்கென்று பட்டினி கிடப்பவள் தப்பினாள் என்று எண்ணற்க. அவளுக்கு வாயில் திறந்திருந்தாலும் உள்ளே வர இரும்பு இல்லை.

மஞ்சள் மாத்திரை விற்போர் இவ்விடத்தில் தம் கடையை விரிப்பர். மஞ்சளிலுள்ள குர்க்குமின் அழற்சியை அடக்கும் ஆற்றல் ஆய்வுக்கூடத்தில் தெரிந்ததே. ஆனால் அது குடலில் ஏறுவது மிகச் சிறிதளவு. மிளகின் சாரத்தோடு கொடுத்தால் பன்மடங்கு ஏறுகிறது என்று 1998-இல் பெங்களூர் ஆய்வாளர் காட்டினர். நம் பாட்டிமார் மிளகும் மஞ்சளும் சேர்த்துச் சமைத்ததை எண்ணி நாம் மகிழலாம். நாள் முழுதும் மைதா உண்டுவிட்டு இரவில் மஞ்சள் மாத்திரை விழுங்குவதை மட்டும் நான் ஏற்கேன்.

முழு உணவையும் நோக்கவேண்டும் என்பதைக் குன்னூரில் இருந்து ஆராய்ந்த ராபர்ட் மெக்காரிசன் முன்பே உணர்த்தினார். இந்தியாவின் பல பகுதி மக்களது உணவை அவர் எலிக் கூட்டங்களுக்குத் தனித்தனியே கொடுத்து வளர்த்தார். முழுக் கோதுமை, பால், பயறு, காய்கறி கலந்த சீக்கியர் உணவை உண்டவை சராசரி 235 கிராம் எடை பெற்றன; அரிசியே மிகுந்த சென்னை மாகாணத்து உணவை உண்டவை 155 கிராமே பெற்றன. எலியின் எடையும் மனிதரின் அழற்சியும் ஒன்றல்ல. எனினும் நம் தட்டில் சோறு மிகுந்து பிற குறைந்தால் என்னாகும் என்பதற்கு அது ஒரு சான்று. 1918-இல் அவர் குன்னூரில் தொடங்கிய ஆய்வகமே பிற்காலத்தில் ஐதராபாத்துக்குச் சென்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று. அந்நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டி, நாள்தோறும் கீரையும் காயுமாக 400 கிராம், பழம் 100 கிராம் என்கிறது. விடுதி சமையற்கூடத்தில் இதை எடைபோட்டுப் பார்த்தால் பலருக்கு வியப்பாக இருக்கும்.

உணவு ஒன்றே அழற்சியை ஆள்கிறது என்று நான் கூறவில்லை. உறக்கக் குறைவு, புகை, பல்நோய் ஆகியனவும் அதில் பங்குகொள்வன. ஒரே சமயத்தில் உணவையும் குருதியையும் பார்க்கும் ஆய்வுகளால் எது காரணம், எது காரியம் என்று முடிவுகட்டவும் இயலாது. ஆயினும் கேழ்வரகும் கொள்ளும் முருங்கைக்கீரையும் மத்தி மீனும் இடருடையன என்று எவரும் சொல்லமாட்டார். விலையும் பஃப்ஸைவிட மிகுதியன்று.

பெற்றோர் கவனிக்கத்தக்க செய்முறை இரண்டு உண்டு. உணவோடு தேநீர் அருந்தினால் அதன் துவர்ப்பு இரும்பைப் பற்றிக்கொள்ளும்; ஒரு மணி நேரம் கழித்து அருந்தலாம். உணவோடு நெல்லிக்காயோ கொய்யாவோ சேர்ந்தால் இரும்பு எளிதில் ஏறும். மற்றொன்று குருதிப் பரிசோதனை பற்றியது. இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் என்னும் அளவு, அழற்சியின்போது தானே உயர்ந்துவிடும். நலமுள்ள பெண்ணுக்கு லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழ் இருந்தால் குறைபாடு. அழற்சியுள்ளவளுக்கு 70-க்குக் கீழிருந்தாலே ஐயுறவேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் அறிவித்தது. ஆகவே ஃபெரிட்டினோடு சி-எதிர்வினைப் புரதத்தையும் பார்க்கலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். பெண்ணுக்குச் சளியோ காய்ச்சலோ இருந்த வாரத்தில் குருதி கொடுத்திருந்தால் அதையும் மறவாமல் அவரிடம் சொல்லுங்கள்.