பனிக்கும் வயது உண்டு

1893 செப்டம்பரில் நார்வேயின் துருவ ஆய்வாளர் ஃபிரிட்ஜோஃப் நான்சென் தன் கப்பலை வேண்டுமென்றே பனியில் சிக்கவைத்தார். சைபீரியாவுக்கு வடக்கே பனி நொறுக்கி மூழ்கடித்த ‘ஜெனெட்’ கப்பலின் சிதைவுகள், மூன்று ஆண்டுகள் கழித்து கிரீன்லாந்துக் கரையில் ஒதுங்கியிருந்தன. அப்படியானால் ஆர்க்டிக்கின் பனிப்பரப்பே நகர்கிறது என்று அவர் ஊகித்தார். பனி நெருக்கினால் நொறுங்காமல் மேலே எழும்பும்படி, ‘ஃபிராம்’ கப்பலின் அடிப்பாகத்தை உருண்டையாகக் கட்டவைத்தார். பனியோடு பனியாக மிதந்த அந்தக் கப்பல் 1896 ஆகஸ்டில்தான் ஸ்வால்பார்டு தீவுகள் அருகே விடுபட்டது. ஏறக்குறைய மூன்று ஆண்டுகள்!

2019 அக்டோபரில் ஜெர்மனியின் ஆய்வுக் கப்பல் ‘போலார்ஸ்டெர்ன்’ இதே உத்தியைக் கையாண்டது. பத்தே மாதங்களில் அதைச் சுமந்த பனித்திட்டு ஆர்க்டிக்கின் வாசலுக்கு வந்து உடைந்து சிதறியது. இரண்டு கப்பல்களும் புறப்பட்ட இடங்கள் வேறு. ஆகவே நாள்கணக்கை அப்படியே ஒப்பிடக்கூடாது. ஆனால் அந்தப் பனித்திட்டின் பிறப்பை ஆய்வாளர்கள் தேடிப் பார்த்தபோது, அது முந்தைய குளிர்காலத்தில்தான் உருவானது என்று தெரிந்தது. ஒரே ஒரு கோடையைக் கண்ட பனி.

ஆர்க்டிக்கைப் பற்றிய செய்திகள் பெரும்பாலும் பரப்பளவைத்தான் சொல்கின்றன. எனக்கு அதைவிடக் கவலை தருவது பனியின் வயது.

கடல்நீர் உறைவதைக் கிட்டப்போய்ப் பார்ப்போம். நீரின் வெப்பநிலை மைனஸ் 1.8 டிகிரிக்கு இறங்கியதும் ஊசி ஊசியாகப் படிகங்கள் தோன்றி மேலே மிதந்து வரும். கடலின் பளபளப்பு மங்கும். பிறகு பாலில் ஆடை படிவதுபோல ஒரு மெல்லிய ஏடு. அலை அடித்தால் அந்த ஏடு துண்டாகி, துண்டுகள் ஒன்றோடொன்று மோதி விளிம்பு மடங்கிய வட்டத் தட்டுகளாகின்றன. படிகத்துக்குள் உப்புக்கு இடமில்லை. வெளியே தள்ளப்படும் உப்பில் ஒரு பகுதி அடர்ந்த உப்புநீராகக் கடலில் இறங்கும். மீதி பனிக்குள்ளேயே சின்னச் சின்ன அறைகளில் மாட்டிக்கொள்ளும். அதனால் இளம்பனி கரிக்கும். கோடையில் மேற்பரப்பு உருகி ஊறும் நன்னீர் அந்த அறைகளைக் கழுவிவிடும். இரண்டு மூன்று கோடைகளைத் தாண்டிய பனியை உருக்கினால் குடிக்கவே செய்யலாம். ஆர்க்டிக் மக்கள் அதன் நீலச் சாயலைப் பார்த்தே அடையாளம் கண்டுவிடுவார்கள். இளம்பனியின் தடிமன் பெரும்பாலும் 2 மீட்டருக்குள். முதிர்ந்த பனி 3, 4 மீட்டர் இருக்கும். ஒரு கொடிய கோடையைத் தாங்கும்.

1985 மார்ச்சில் ஆர்க்டிக் பனியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நான்கு வயதைக் கடந்தது. 2019 மார்ச்சில் அது 1.2 விழுக்காடு.

பரப்பும் சுருங்கித்தான் இருக்கிறது. மேகத்தையும் ஆறு மாத இருளையும் ஊடுருவும் நுண்ணலைக் கருவிகளால் 1978 இறுதியிலிருந்து செயற்கைக்கோள்கள் இதை அளந்துவருகின்றன. 1980 வாக்கில், கோடை முடியும் செப்டம்பரில், பனி சுமார் 70 லட்சம் சதுர கிலோமீட்டர். 2012 செப்டம்பரில் 34 லட்சம், அதாவது இந்தியாவைவிடச் சற்றே பெரிய பரப்பு. பிறகு அந்த அளவுக்கு இறங்கவில்லை என்றாலும், பழைய நிலைக்கும் திரும்பவில்லை. அண்டார்டிகாவின் போக்கு வேறு: 2014 வரை லேசாகக் கூடிவந்த கடற்பனி, 2016இல் சடசடவெனச் சரிந்தது.

வெண்பனி போர்த்திய கடற்பனி தன்மேல் விழும் வெயிலில் 80 விழுக்காட்டுக்கும் மேல் திருப்பி அனுப்பிவிடும். பனியில்லாத கரிய கடல்நீரோ 90 விழுக்காட்டுக்கும் மேல் விழுங்கிவிடும். பனி போன இடம் சூடேறும். அந்தச் சூடு பக்கத்துப் பனியைத் தின்னும். 1979க்குப் பிறகு ஆர்க்டிக் உலகச் சராசரியைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் வெப்பமாகியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடற்பனி ஆய்வாளர்கள் டிர்க் நோட்ஸ், ஜூலியென் ஸ்ட்ரோவ் இருவரும் 2016இல் ஒரு கணக்கு போட்டுக் காட்டினார்கள். வெளியாகும் ஒவ்வொரு டன் கரியமில வாயுவுக்கும் செப்டம்பர் பனியில் 3 சதுர மீட்டர் மறைகிறது. சராசரி இந்தியர் பங்கு ஆண்டுக்குச் சுமார் 2 டன், அதாவது 6 சதுர மீட்டர், ஒரு சிறிய அறை. அமெரிக்கர் பங்கு இதைப்போல ஏழு மடங்கு. இந்த வேறுபாட்டை மறைத்து ‘நாம் எல்லோரும்’ என்று பேசுவது நியாயமில்லை.

இந்தக் கணக்கு நேர்கோட்டில் செல்வதால் ஒரு நம்பிக்கையும் உண்டு: பனியிழப்பு தானாகவே கட்டுமீறிப் போவதில்லை. மெல்லிய பனி கடலின் சூட்டை அடைத்துவைக்காது. குளிர்காலத்தில் அச்சூடு வானுக்குத் தப்பிவிடுவதால் அடியில் பனி விரைவாக வளரும். கிரீன்லாந்தின் நிலப்பனி கரைந்தால் மீள ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும். கடற்பனி அப்படியல்ல. வெப்பம் தணிந்தால் சில குளிர்காலங்களிலேயே அதன் பரப்பு மீண்டுவிடும் என்கின்றன காலநிலை மாதிரிகள். முதிர்ந்த பனி மட்டும், ஒவ்வொரு கோடையாகத் தாண்டித்தான் வர வேண்டும்.