எண்ணும் நேர்மையும்

கிளமெண்டி சாலையை ஒட்டி விளங்கும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ ஆய்வுகள் பல நடைபெறுகின்றன. இத்தகைய ஆய்வுகளின் முடிவுகளை நாம் எவ்வாறு நம்புகிறோம்?

மருந்துக்குப் பயனே இல்லாதபோதும், ஆய்வில் கண்ட அளவு வேறுபாடு தற்செயலாகத் தோன்றும் வாய்ப்பு 5 விழுக்காட்டிற்குக் குறைவாயின், அதனைப் பொருட்படுத்தத்தக்க முடிவாகக் கொள்வது வழக்கம். ஆனால் பயனற்ற மருந்தொன்றை, ஒன்றையொன்று சாராத 20 அளவீடுகளால் சோதித்தால், ஒன்றிலேனும் பொய்யான வெற்றி தோன்றும் வாய்ப்பு ஏறத்தாழ 64 விழுக்காடாகும். அந்த ஒன்றை மட்டும் வெளியிட்டு ஏனைய 19-ஐ மறைத்தால், கணக்கில் பிழை இராது. ஆயினும் அதனை நம்பி மருந்துண்ணும் நோயாளி ஏமாறுகிறார்.

ஆகவே எவற்றை அளப்போம் என்பதை முன்னரே பதிவு செய்தலும், அளந்தவை அனைத்தையும் வெளியிடுதலும் இன்றியமையாதவை. 2010 ஜூலையில் இந்நகரில் கூடிய ஆய்வு நேர்மைக்கான இரண்டாம் உலக மாநாட்டின் பயனாக வெளிவந்த 'சிங்கப்பூர் அறிக்கை', ஆய்வாளர்க்குரிய 14 பொறுப்புகளை வகுத்தது. பிறர் சரிபார்க்கவும் மீண்டும் செய்து காணவும் இயலுமாறு பதிவுகளைப் பேணுதல் அவற்றுள் ஒன்று.

இப்பழக்கத்தை நாம் பள்ளி ஆய்வுக்கூடத்திலேயே தொடங்கலாம். எதிர்பார்த்த விடை வராத அளவீட்டையும் மாணவர் ஏட்டில் எழுதட்டும். ஆசிரியர் அதற்கும் மதிப்பெண் வழங்கட்டும்.