குனிந்து நிமிரும்போது இடுப்பு பிடிக்கிறதா?

மாரமங்கலம் பக்கம் காப்பித் தோட்ட வேலைக்குப் போகிறவரா நீங்கள்? சரிவில் நின்று பழம் பறித்து, மூட்டை தூக்கி, வீட்டுக்கு வந்து குனிந்து நிமிரும்போது "சடக்குன்னு புடிச்சுக்குது" என்கிறீர்களா? மருத்துவரிடமும் இதை அப்படியே சொல்லுங்கள். "இடுப்பு வலி" என்று மட்டும் சொன்னால் பாதி விஷயம் விட்டுப்போகும்.

கீழ் முதுகில் 5 எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. இடையில் உள்ள வட்டு தேய்ந்து, தசைநார்கள் தளர்ந்தால், ஓர் எலும்பு அளவுக்கு மீறி முன்னும் பின்னும் நகரும். இதுதான் கீழ் முதுகுத்தண்டின் உறுதியின்மை. 50 வயதைத் தாண்டிய பெண்களுக்கு 4-வது, 5-வது எலும்புகளுக்கு நடுவே எலும்பு இப்படி விலகுவது அதிகம்.

அசையும்போதுதான் கோளாறு தெரியும் என்பதால், படுக்கவைத்து எடுத்த எக்ஸ்ரேயில் எல்லாம் சரியாகவே தெரியலாம். "எக்ஸ்ரேல ஒண்ணுமில்லையாம்" என்று விட்டுவிடாதீர்கள். குனிந்தும் பின்னால் சாய்ந்தும் எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். எப்போது, எந்த அசைவில் வலிக்கிறது என்று செல்போனில் குறித்து வைத்தால் அவருக்கு உதவும்.

பெரும்பாலானவர்களுக்கு ஆபரேஷன் தேவைப்படாது. தண்டை ஒட்டிய சிறு தசைகளையும் அடிவயிற்றுத் தசையையும் பலப்படுத்தும் பயிற்சிதான் முதல் சிகிச்சை. மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, மூச்சை அடக்காமல் அடிவயிற்றை லேசாக உள்ளிழுத்து 10 விநாடி வைத்திருப்பது அதில் ஒன்று. இயன்முறை மருத்துவரிடம் கற்றுக்கொண்டு செய்யுங்கள். பலன் தெரிய சில வாரங்கள் ஆகும். 4 நாளில் விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்! வலி தணிந்தால் நடமாடுங்கள், படுத்தே கிடக்க வேண்டாம். "எலும்ப தட்டி உட்கார வச்சிடலாம்" என்று யாராவது சொன்னால் மட்டும் போகாதீர்கள்.

மலையிறங்கிப் போக முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். மேல்சிகிச்சைக்கு சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஆபரேஷன் என்று வந்தால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இடமுண்டா என்று 1800 425 3993-ல் விசாரிக்கலாம்.

சிறுநீர் போகாமல் அடைப்பது, அடக்க முடியாமல் கசிவது, இருக்கைப் பகுதி மரத்துப்போவது, கால் சட்டென பலமிழப்பது: இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.