தூம்பாவிலும் சாதி: திருச்சபையின் பிழையைத் திருச்சபையார் எப்படி எதிர்கொள்ள வேண்டும்?

2022 செப்டம்பரில் சங்கரன்கோவில் அருகேயுள்ள பாஞ்சாகுளத்தில் தின்பண்டம் வாங்க வந்த தலித் குழந்தைகளை, ஊர்க் கட்டுப்பாடு என்று சொல்லிக் கடைக்காரர் திருப்பி அனுப்பினார். அந்தக் காணொலி பரவியதும் கைதுகள் நடந்தன. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 10ஆம் பிரிவின்படி, குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஆறு மாதங்களுக்கு ஊருக்குள் நுழையக் கூடாது என்று நெல்லைச் சிறப்பு நீதிமன்றம் தடை விதித்தது. ஊரை விட்டு விலக்கி வைக்கும் அதிகாரம் ஊர்க் கட்டுப்பாட்டிடமிருந்து சட்டத்தின் கைக்கு மாறிய அரிய தருணம் அது.

இந்த வழக்கைக் கல்லூரி மாணவர்களிடையே விளக்கும்போது நாம் சந்திக்கும் கேள்வி ஒன்று உண்டு: "கடைக்குச் சட்டம் வந்தது. எங்கள் கோவிலுக்கு வருமா?" கேட்பவர்கள் தலித் கிறித்தவக் குடும்பங்களின் பிள்ளைகள். தனிக் கல்லறைத் தோட்டம், தனித் தூம்பா, தெருவுக்குள் வராத தேர், வாங்கப்படாத திருவிழா வரி ஆகியவற்றைப் பார்த்து வளர்ந்தவர்கள். அவர்களுக்கு நேர்மையான விடை சொல்ல, முதலில் வரலாற்றையும் பிறகு சட்டத்தையும் இறுதியாக மறைநூலையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

வடக்கன்குளத்துச் சுவர்

நெல்லை மாவட்டத்து வடக்கன்குளம் கத்தோலிக்க வரலாற்றில் புகழ்பெற்ற ஊர். 1745இல் தேவசகாயம் திருமுழுக்குப் பெற்றது அங்கேதான். அதே ஊரில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த ஆலயம், ஒரே பீடத்தை நோக்கி இரு கால்களாகப் பிரிந்து நிற்கும்படி கட்டப்பட்டது. ஒரு கால் பிள்ளை, முதலியார் சாதியினருக்கு; மற்றொன்று நாடார்களுக்கு. இரண்டையும் சுவர் பிரித்தது. பூசை ஒன்று, நற்கருணை ஒன்று, ஆனால் ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியக் கூடாது.

அந்தச் சுவரைத் திருச்சபை அகற்றியபோது, அதை மீண்டும் எழுப்பக் கோரி உயர்சாதிக் கிறித்தவர்கள் ஆயர் மீதே வழக்குத் தொடுத்தனர். 'மைக்கேல் பிள்ளை எதிர் பார்த்' என்று 1917ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் இடம்பெற்ற அந்த வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் கோரிக்கையை ஏற்கவில்லை. தீட்டு என்ற எண்ணத்திலிருந்து மட்டுமே பிறக்கக்கூடிய ஓர் உரிமையை உரிமையியல் நீதிமன்றம் நிலைநாட்டித் தர முடியாது என்பதே அதன் சாரம். தீண்டாமையை ஒழித்த அரசமைப்புச் சட்டம் வருவதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய தீர்ப்பு இது.

இதிலிருந்து இரண்டு பாடங்களை நாம் எடுத்துக்கொள்கிறோம். முதலாவது, சுவரைக் கட்ட அனுமதித்ததும் திருச்சபை. அதை இடித்ததும் திருச்சபை. எனவே "இது ஊர் வழக்கம், எங்களால் ஒன்றும் செய்ய இயலாது" என்ற மேய்ப்பர்களின் வாதம் வரலாற்றின் முன் நிற்காது. இரண்டாவது, அன்று சுவருக்கு அப்பால் நிறுத்தப்பட்டவர்கள் பின்னர் கல்வியாலும் வணிகத்தாலும் உயர்ந்தார்கள். அந்த அவமானத்தின் நினைவு, இன்று தலித் கிறித்தவரோடு தோள்சேர்ந்து நிற்கும் துணிவாக மாறியிருக்க வேண்டும். எல்லாப் பங்குகளிலும் அப்படி நிகழவில்லை.

எறையூர் முதல் கோட்டப்பாளையம் வரை

அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், தங்கள் இறுதி ஊர்வலம் பொதுச்சாலை வழியே செல்ல முடியாததையும் கல்லறை தனியாக இருப்பதையும் எதிர்த்த தலித் கிறித்தவர்கள் தங்களுக்குத் தனிப்பங்கு கேட்டனர். 2008 மார்ச் 9 அன்று வன்முறை வெடித்தது. காவல்துறையின் துப்பாக்கிச்சூட்டில் இருவர் உயிரிழந்தனர். இறந்த இருவரும் ஆதிக்கத் தரப்பைச் சேர்ந்த கிறித்தவர்கள். பல்லாண்டுகளாகப் பேசாமல் ஒத்திவைத்த ஒரு பிழைக்கான விலை, பிழை செய்த தரப்பின் வீட்டிலும் பிணமாக விழும் என்பதை எறையூர் காட்டியது.

2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, தலித்துகளின் மேம்பாட்டுக்கான கொள்கை ஆவணம் ஒன்றை வெளியிட்டுத் திருச்சபைக்குள் தீண்டாமை நிலவுவதை ஒப்புக்கொண்டது. ஆயினும் கும்பகோணம் மறைமாவட்டத்தைச் சேர்ந்த கோட்டப்பாளையத்துத் தலித் கிறித்தவர்கள், திருவிழாவிலும் பங்கு நிர்வாகத்திலும் தாங்கள் ஒதுக்கப்படுவதாக நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. உயர்நீதிமன்றம் அவர்கள் மனுவைத் தள்ளுபடி செய்த பின், 2025 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் எதிர்த்தரப்பின் பதிலைக் கேட்டு அறிவிப்பு அனுப்பியது. ஒப்புதலுக்கும் மாற்றத்துக்கும் இடையிலுள்ள தொலைவு இதுதான்.

சட்டத்தின் கை எதுவரை நீளும்?

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் எந்தப் பிரிவின் எண்ணை மனப்பாடம் செய்தாலும் முதலில் கேட்கப்படும் கேள்வி ஒன்றே: பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினரா? 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவரைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் உள்ளே வந்தனர். கிறித்தவரும் இசுலாமியரும் இன்றும் வெளியே நிற்கின்றனர். 1985இல் சூசை வழக்கில் உச்சநீதிமன்றம் அந்த ஆணையைச் செல்லும் என்றது. தமிழ்நாட்டில் இவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளனர்.

இதன் விளைவு கொடுமையானது. கல்லறையையும் வழிபாட்டிடத்தையும் ஊர்வலத்தையும் தடுப்பதை 2015ஆம் ஆண்டுத் திருத்தம் வன்கொடுமைக் குற்றமாக்கியது. பாஞ்சாகுளத்தில் செயல்பட்ட அதே சட்டம், திருமுழுக்குப் பெற்ற தலித்துக்கு முன் கதவைச் சாத்திக்கொள்கிறது. சாதியை அவர்கள் விட்டுவிட்டதாக அரசு சொல்கிறது. அவர்களைச் சாதி விடவில்லை என்று கல்லறைச் சுவர் சொல்கிறது.

ஆயினும் வழி முற்றிலும் அடைபடவில்லை. அரசமைப்பின் 17ஆம் உறுப்பு தீண்டாமையை "எந்த வடிவிலும்" தடை செய்கிறது, மதத்தைக் குறிப்பிடவில்லை. 1955ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, ஒரே மதத்தைச் சேர்ந்தவரை வழிபாட்டிடத்தில் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. 4ஆம் பிரிவு இடுகாட்டையும் சமய ஊர்வலத்தையும் உள்ளடக்குகிறது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராக இருந்தால், தீண்டாமையே காரணம் என்று நீதிமன்றம் அனுமானிக்க 12ஆம் பிரிவு வழிசெய்கிறது. தலித் கிறித்தவருக்கு அந்த அனுமானம் கிடையாது; காரணத்தை அவரே மெய்ப்பிக்க வேண்டும். ஆகவே நம் தரப்பில் சான்றுகள்தாம் உயிர்.

மறைநூலைக் காட்டி வாயடைப்போருக்கு

இந்தப் பிழையைப் பேசத் தொடங்கியதும் மூன்று குரல்கள் எழும்.

"சிறுபான்மையினர் தாக்கப்படும் காலத்தில் நம் அழுக்கை வெளியே காட்டலாமா?" என்பது முதல் குரல். சிறுபான்மையினர் மீதான தாக்குதல் உண்மை. அதை எதிர்ப்பதில் நாமும் முன்வரிசையில் நிற்கிறோம். ஆனால் தாக்குதலின்போது தெருவில் நிற்பவர்களில் பெரும்பகுதியினர் ஏழைத் தலித் கிறித்தவர்களே. அவர்களைக் கல்லறையில் பிரித்து வைத்துக்கொண்டு ஊர்வலத்தில் மட்டும் ஒன்றுசேரச் சொல்வது ஒற்றுமை ஆகாது.

"முதலில் தனியாகப் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும்" என்பது இரண்டாவது குரல். மத்தேயு நற்செய்தியின் 18ஆம் அதிகாரம் தரும் நடைமுறை அது என்பது சரியே. ஆனால் அது தனிப்பேச்சோடு முடியவில்லை. சாட்சிகளோடு பேசுவதற்கும், அதற்கும் செவிசாய்க்காவிட்டால் சபை முழுவதற்கும் அறிவிப்பதற்கும் நகர்கிறது. தலைமுறைகளாகத் தனியாகப் பேசியாயிற்று. மேலும், அந்தியோக்கியாவில் பிற இனத்தாரோடு உணவருந்துவதைப் பேதுரு நிறுத்திக்கொண்டபோது, பவுல் அவரை எல்லார் முன்னிலையிலும் கண்டித்ததைக் கலாத்தியர் திருமுகம் பதிவு செய்கிறது. முதல் திருத்தூதரின் பிழை, அதுவும் பந்தியில் விலகிய பிழை, மூடி மறைக்கப்படவில்லை. அதை அப்படியே எழுதி வைத்த நூலைத்தான் ஞாயிறுதோறும் வாசிக்கிறோம்.

"மன்னித்து மறந்துவிடுங்கள்" என்பது மூன்றாவது குரல். சக்கேயு வரி வசூலில் ஏமாற்றியதை ஒப்புக்கொண்டதோடு நிற்கவில்லை. நான்கு மடங்காகத் திருப்பித் தர முன்வந்தார். ஈடுசெய்தல் இல்லாத மன்னிப்பு, பிழைபட்டவருக்கு மட்டும் நிம்மதி தரும்.

செய்ய வேண்டியவை

தலித் கிறித்தவ இளைஞர்களுக்கு நாம் சொல்வது: பங்குப் பேரவை, திருவிழாக் குழு ஆகியவற்றின் உறுப்பினர் பட்டியல், வரி வாங்க மறுத்த நாள், தேர் சென்ற பாதை, கல்லறையின் வரைபடம், நிலத்தின் பட்டா விவரம் ஆகியவற்றை எழுத்தாகவும் படமாகவும் சேர்த்து வையுங்கள். பங்குத்தந்தைக்கும் ஆயருக்கும் 2016ஆம் ஆண்டுக் கொள்கையைச் சுட்டி எழுத்து வழியே மனுக் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். பதில் வராவிட்டால் கோட்டாட்சியரிடமும் காவல் நிலையத்திலும் குடிமை உரிமைகள் சட்டத்தின்படி புகார் அளியுங்கள். திருச்சபை மீது வழக்குத் தொடுப்பது விசுவாசத் துரோகம் என்று எவரும் சொன்னால், வடக்கன்குளத்தில் சுவருக்காக வழக்குத் தொடுத்தவர்களை எந்தப் பெயரால் அழைப்பது என்று கேளுங்கள்.

தலித் அல்லாத கிறித்தவரின் கடமை இன்னும் பெரிது. தலித் தெருவுக்குள் வராத தேரை நான் இழுக்கமாட்டேன், பிரிக்கப்பட்ட கல்லறையில் என் பெற்றோருக்கு இடம் கேட்கமாட்டேன், சிலருடைய வரியை வாங்காத குழுவில் பொறுப்பேற்கமாட்டேன் என்று ஒவ்வொரு பங்கிலும் பத்துக் குடும்பங்கள் சொல்லட்டும். சுவர் இடிப்பதற்கு நீதிமன்ற ஆணை தேவைப்படாது.

ஆயர்களோ திருவிழாவை நிறுத்தி வைக்கவும், பொதுக் கல்லறையை அறிவிக்கவும் அதிகாரம் உடையவர்கள். 2022இல் தேவசகாயம் புனிதராக உயர்த்தப்பட்டபோது, 'பிள்ளை' என்ற சாதிப் பெயர் இல்லாமலே அவர் பெயர் அறிவிக்கப்பட்டது. விண்ணகத்தில் சாதிப் பெயரை நீக்க உரோமையால் முடிந்திருக்கிறது. மண்ணுக்கடியில் அதை நீக்குவது நம் மறைமாவட்டங்களின் கையில் இருக்கிறது.