எதிரொலி வரையும் சித்திரம்
நோயாளர் அறிந்திருக்க வேண்டியவை

"ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம்" என்று வைத்தியர் கூறியவுடன் நம்மிற் பலருக்கு நெஞ்சு துணுக்குறுகின்றது. கதிர்கள் பாய்ந்து உடலைக் கெடுத்துவிடுமோ என்று அஞ்சுவோர் உளர். அதற்குத் தப்பிய நோயே இல்லை என்று நம்புவோரும் உளர். இரு சாராரும் உண்மையை அறிதல் நன்று.

கழியொலி என்பது ஒலியே, கதிரன்று. வினாடிக்கு ஏறக்குறைய 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலியை மனிதச் செவி கேளாது. வைத்தியத்திற் பயன்படும் ஒலியோ பெரும்பாலும் 20 இலட்சத்துக்கு மேற்பட்ட அதிர்வுகளையுடையது. வௌவால் எதிரொலியைக் கொண்டு இருளில் வழியறிவது போல, உடலினுட் சென்று மீளும் எதிரொலிகளைக் கொண்டு இவ்யந்திரம் சித்திரம் வரைகின்றது. எக்ஸ் கதிர்ப் படத்திலுள்ள கதிர்வீச்சு இதில் இல்லாமையாலேயே கருவுற்ற தாய்மாருக்கும் இதனை விதிக்கின்றனர்.

இதன் பயனை உலகுக்கு உணர்த்தியவர்களுள் ஒருவர் கிளாஸ்கோ நகரப் பேராசிரியர் இயன் டொனால்ட். உலோகத்தினுள் மறைந்த வெடிப்புக்களைக் காணும் தொழிற்சாலைக் கருவியைக் கொண்டு, 1955 இல் அவர் உடலிலிருந்து அகற்றிய கட்டிகளைச் சோதித்தார். பின்னர் பொறியியலாளர் டொம் பிரவுண் அவருக்குத் துணைநின்றார். தீராத இரைப்பைப் புற்றுநோய் என்று கருதப்பட்ட ஒரு மாதின் வயிற்றில் இருந்தது சூலகத்து நீர்க்கட்டியே என்பதை எதிரொலி காட்டிற்று. கட்டி அகற்றப்பட்டது, மாது பிழைத்தார். 1958 இல் 'லான்செட்' என்னும் வைத்திய சஞ்சிகையில் இவ்வாராய்ச்சி வெளியாயிற்று.

இவ்வொலிக்குப் பெருந்தடை காற்றாகும். தோலுக்கும் கருவிக்கும் இடையே காற்றுப் புகாதிருக்கவே குளிர்ந்த களிம்பைப் பூசுகின்றனர். பித்தப்பையைப் பார்க்கவேண்டின் சில மணி நேரம் உண்ணாதிருக்கச் சொல்வர். உண்டால் பித்தப்பை சுருங்கிவிடும். குடலிற் காற்றும் மிகும். கருப்பையை வயிற்றின் மேலாகப் பார்க்கையில் நீரருந்திச் சிறுநீரை அடக்கியிருக்கச் சொல்வதும் காரணம் பற்றியே. நிறைந்த சிறுநீர்ப்பை குடலை விலக்கி ஒலிக்கு வழிவிடுகின்றது. "ஒரு வாய்த் தேநீர்தானே" என்று அருந்திச் செல்வோர் தெளிவற்ற படத்துடன் திரும்ப நேரிடலாம். நீரிழிவுக்கு மருந்து கொள்வோர், உண்ணாதிருக்கும் வேளையில் மருந்தை என்செய்வது என்று முன்னரே வைத்தியரிடம் கேட்டறிதல் வேண்டும்.

எலும்பின் பின்னுள்ளவற்றையும் காற்று நிறைந்த குடலின் உட்புறத்தையும் இக்கருவி நன்கு காட்டமாட்டாது. பார்ப்பவரின் பயிற்சியைப் பொறுத்தும் முடிவு அமையும். ஆகவே, "ஸ்கேனில் ஒன்றுமில்லை" என்று எழுதியிருந்தும் நோவு நீங்காதாயின் வாளாவிருத்தல் தகாது. முந்திய படங்களையும் அறிக்கைகளையும் எடுத்துக்கொண்டு மீண்டும் வைத்தியரை நாடுவோமாக. எதிரொலி சொல்லாததை நோயாளி வாய்திறந்து சொல்லவேண்டும்.