கடல்நீர் மீன்தொட்டியின் அளவு

கடல்நீர் மீன்தொட்டி என்பது கடல்வாழ் மீன்களை வீட்டில் வளர்க்கப் பயன்படும் கண்ணாடித் தொட்டி ஆகும். நீரின் நிலைத்தன்மை, மீனின் முழு வளர்ச்சி, தொட்டியின் எடை ஆகிய மூன்றும் இதன் அளவைத் தீர்மானிக்கின்றன. சிறிய தொட்டியைப் பராமரிப்பது எளிது எனப் புதியவர்கள் கருதுவதுண்டு. உண்மை இதற்கு நேர்மாறானது.

நீரின் நிலைத்தன்மை

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு கரைந்துள்ளது. நீர் ஆவியாகும்போது உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. 40 லிட்டர் தொட்டியில் 2 லிட்டர் நீர் ஆவியானால் உப்பு லிட்டருக்கு 36.8 கிராமாக உயரும். 200 லிட்டர் தொட்டியில் அதே 2 லிட்டர் குறைந்தால் 35.4 கிராம் மட்டுமே ஆகும். இவ்வாறு குறையும் நீருக்கு ஈடாக உப்பு கலக்காத நன்னீரையே ஊற்ற வேண்டும்.

கழிவுகளுக்கும் இது பொருந்தும். மிஞ்சிய உணவும் மீன்கழிவும் நச்சுத்தன்மையுள்ள அம்மோனியாவை உண்டாக்குகின்றன. நீர் குறைவாக இருந்தால் அதன் செறிவு விரைவில் உயரும். தவறு தெரிய வருவதற்குள் மீன்கள் இறக்கக்கூடும்.

மீனின் வளர்ச்சி

கடையில் காணப்படும் குஞ்சின் அளவைக் கொண்டு தொட்டியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. 2003-இல் வெளிவந்த 'ஃபைண்டிங் நீமோ' திரைப்படத்தால் புகழ்பெற்ற இரு மீன்கள் இதற்குச் சான்றாகும். நீமோவாக வரும் கோமாளி மீன் சுமார் 10 செ.மீ. வரையே வளரும், கடற்சாமந்தியை விட்டு அதிகம் விலகாது. இதன் ஒரு சோடிக்கு 100 லிட்டர் தொட்டி போதுமானது. டோரியாக வரும் நீல டாங் மீன் 30 செ.மீ. வரை வளரக்கூடியது; ஓயாமல் நீந்தும் இயல்புடையது. இதற்கு 180 செ.மீ. நீளமுள்ள பெரிய தொட்டி தேவைப்படும். எனவே வளர்க்க விரும்பும் மீனை முதலில் முடிவு செய்து, பின்னர் தொட்டியை வாங்குவது முறையாகும்.

கொள்ளளவும் எடையும்

நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைச் சென்டிமீட்டரில் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் கொள்ளளவு லிட்டரில் கிடைக்கும். 90 × 45 × 45 செ.மீ. தொட்டி ஏறத்தாழ 182 லிட்டர் கொள்ளும். அதில் நிரம்பும் கடல்நீர் மட்டுமே சுமார் 187 கிலோ எடையிருக்கும். கண்ணாடி, பாறை, மணல் ஆகியவற்றின் எடை இதனுடன் சேரும். ஆகவே சாதாரண மேசை மீது வைக்காமல், இதற்கென அமைத்த உறுதியான தாங்கியைச் சமதளத்தில் நிறுத்தி வைக்க வேண்டும். முதன்முறை வளர்ப்போருக்கு, இடமும் செலவும் இடந்தரும்போது, 150 முதல் 200 லிட்டர் வரையிலான தொட்டி ஏற்றதாகும்.